இறையியல் கல்வியும் இல்லறமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் இறையியல் கல்லூரிகளின் வாயிலில் ஒரு காட்சியைக் காணலாம். நிலையத்திலிருந்து வந்த ஆட்டோ ஒன்று நிற்கும். இரும்புப் பெட்டி, பாய்ச்சுருள், சாக்கில் கட்டிய பாத்திரங்கள், அடுப்பு ஆகியவை ஒவ்வொன்றாக இறங்கும். இளைஞர் ஒருவர் தம் பேராயரின் பரிந்துரைக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்தை நோக்கி விரைவார். இடுப்பில் குழந்தையோடு அவருடைய மனைவி வேப்பமர நிழலில் காத்து நிற்பார். அலுவலகப் பதிவேட்டில் இளைஞரின் பெயர் ஏறும். அவருக்கு ஓர் எண்ணும் கிடைக்கும். மரநிழலில் நிற்பவருக்கு எண் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, பட்டமளிப்பு விழாவில் அவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கைதட்டுவார். பின்னர் அதே பெட்டி, அதே பாய்ச்சுருள் மீண்டும் ஆட்டோவில் ஏறும்.

இறையியல் கல்வியின் வரலாற்றை எழுதியோர் கல்லூரிகள் தோன்றிய ஆண்டுகளையும், முதல்வர்களின் பெயர்களையும், பாடத்திட்ட மாற்றங்களையும் விரிவாக எழுதியுள்ளனர். மரநிழலில் நின்றவர்களைப் பற்றி அவர்கள் எழுதியது மிகக் குறைவு. எனினும், வரலாற்றை உற்று நோக்குவோமாயின் அவர்களும் அங்கே நிற்கக் காண்போம். ஒருவர் இறையியல் கற்கப் புறப்படும்போது ஒரு குடும்பமே இடம் பெயர்கின்றது. அக்கல்வியில் குடும்பத்திற்கும் பங்கு கிடைத்த இடங்களில் ஊழியம் தழைத்தது. பங்கு கிடைக்காத இடங்களில் யாரோ ஒருவர் அதற்குரிய விலையைத் தனியே செலுத்தினார். இதனைச் சில சான்றுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடே முதற்பள்ளி

ஆதித் திருச்சபையில் இறையியல் கல்லூரி என்று தனியே ஒன்று இருந்ததில்லை. கற்பித்தல் பெரும்பாலும் வீடுகளிலேயே நடந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 18 ஆம் அதிகாரத்தில் காணப்பெறும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும். கிலவுதியு இராயனின் ஆணையால் யூதர்கள் ரோமாபுரியைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது இவ்விருவரும் கொரிந்து பட்டணத்தில் வந்து குடியேறினர். புதிய ஊரில் பிழைப்பதற்கு அவர்களிடம் இருந்தது கூடாரம் செய்யும் தொழில் ஒன்றே. அதே தொழிலை அறிந்த பவுலடியார் அவர்கள் வீட்டில் தங்கி அவர்களோடு உழைத்தார்.

பின்னர் அக்குடும்பம் எபேசுவுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே அப்பொல்லோ என்னும் சொல்வன்மை மிக்க இளைஞர் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்தவராய்ப் போதித்து வந்தார். கணவனும் மனைவியுமாக அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, அவர் அறியாதிருந்ததைத் தெளிவாகக் கற்பித்தனர். புதிய ஏற்பாட்டில் சில இடங்களில் கணவனின் பெயருக்கு முன்பாக மனைவியின் பெயரே வருகின்றது என்பதும் கருதத்தக்கது. ஊர்விட்டு ஊர் வந்த ஒரு குடும்பத்தின் கூடத்தில், தறித்த தோலுக்கும் ஊசிக்கும் நடுவே, திருச்சபையின் போதகர் ஒருவர் உருவானார். அங்கே மனைவி மரநிழலில் நிற்கவில்லை, ஆசிரியராக அமர்ந்திருந்தார்.

மடத்திலிருந்து மனைக்கு

காலப்போக்கில் இந்நிலை மாறியது. இறையியல் கல்வி மடங்களுக்கும், பேராலயப் பள்ளிகளுக்கும், அவற்றின் வழிவந்த பல்கலைக்கழகங்களுக்கும் உரியதாயிற்று. 1139 ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என விதித்தது. அதன்பின் மேற்குத் திருச்சபையில் இறையியல் மாணவன் என்றால் மணமாகாதவன் என்பதே பொருளாயிற்று. கல்விக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே ஒரு மதில் எழுந்தது.

அம்மதிலில் திறப்பு உண்டாக்கிய பெருமை விட்டன்பர்க் நகருக்கு உரியது. 1525 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் நாள் மார்ட்டின் லுத்தர், துறவு மடத்தைவிட்டு வெளியேறிய கத்தரீனா வான் போராவை மணந்தார். முன்பு அகுஸ்தீனிய துறவியர் வாழ்ந்த மடமே அவர்களுக்கு இல்லமாயிற்று. லுத்தரின் ஊதியம் அவ்வில்லத்திற்குப் போதவில்லை. கத்தரீனா தோட்டம் போட்டார், கால்நடை வளர்த்தார், மது வடித்தார், மாணவர்களைக் கட்டணத்திற்குத் தங்கவைத்து உணவளித்தார். அம்மாணவர்கள் உணவு மேசையில் அமர்ந்து லுத்தர் பேசியவற்றைக் குறித்துக்கொண்டனர். அக்குறிப்புகளின் தொகுப்பு 1566 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. உலகம் அதனை லுத்தரின் மேசைப் பேச்சு என்று அறியும். மேசை கத்தரீனாவினுடையது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

சீர்திருத்தத் திருச்சபைகளின் குருமனைக்கு இவ்வில்லம் முன்மாதிரியாயிற்று. ஆயினும் அதன் மற்றொரு பக்கத்தையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. 1546 ஆம் ஆண்டில் லுத்தர் மறைந்தபின் கத்தரீனாவின் வாழ்வு துன்பம் நிறைந்ததாயிற்று. போரினால் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது, நிலங்கள் பாழாயின, உதவி வேண்டி மன்னர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. 1552 ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சி விட்டன்பர்க்கைவிட்டுச் செல்லும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து காயமுற்றார். அவ்வாண்டு டிசம்பரில் டோர்காவ் நகரில் உயிர் நீத்தார். தலைமுறை தலைமுறையாக மாணவர்களைப் போஷித்த கையைப் பிடிக்கத் திருச்சபையின் கை உரிய காலத்தில் நீளவில்லை.

செராம்பூரில் ஓர் அறை

இனி, நமக்கு மிக நெருங்கிய ஒரு வரலாற்றிற்கு வருவோம். நம் நாட்டின் சீர்திருத்த இறையியல் கல்லூரிகள் பலவற்றில் கற்போர் பெறும் பட்டம் செராம்பூரின் பெயரால் வழங்கப்படுகின்றது. வில்லியம் கேரி, யோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1818 ஆம் ஆண்டில் அங்கே கல்லூரியை நிறுவினர். 1827 ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தார். 1918 ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம் அவ்வுரிமையை உறுதி செய்தது. இவற்றை நம் மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கின்றனர். அவ்வரலாற்றில் அவர்கள் அறியவேண்டிய மற்றொரு பெயர் உண்டு. அது டாரதி கேரி அம்மையாரின் பெயர்.

1781 ஆம் ஆண்டு ஜூன் 10 ஆம் நாள் இங்கிலாந்தில் பிடிங்டன் என்னும் சிற்றூரில் டாரதி, வில்லியம் கேரியை மணந்தார். மணமகனுக்கு வயது 19. செருப்புத் தைக்கும் தொழிலாளி. மணமகள் அவரினும் மூத்தவர். திருமணப் பதிவேட்டில் டாரதியால் கையெழுத்திட இயலவில்லை. எழுதப் படிக்க அறியாதவராதலின் ஒரு குறுக்குக் கோட்டுக் குறியை இட்டார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் கணவர் தைக்கும் பலகையருகே நூல்களை வைத்துக்கொண்டு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளைக் கற்றார். மனைவி குழந்தைகளைப் பெற்றார், வளர்த்தார், இரு பெண் குழந்தைகளை அடக்கம் செய்தார். ஒரே கூரையின் கீழ் ஒருவரின் உலகம் ஆண்டுதோறும் விரிந்தது. மற்றவரின் உலகம் அவ்வாறே இருந்தது. பின்னர் வந்த துயரத்தின் தொடக்கத்தை நாம் இந்த இடைவெளியில் காண்கின்றோம்.

1793 ஆம் ஆண்டில் கேரி இந்தியாவுக்குச் செல்ல முடிவு செய்தபோது டாரதி கருவுற்றிருந்தார். தாம் வர இயலாது என்று மறுத்துவிட்டார். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமையால் அவர்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்டனர். வேறு கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் கேரியும் அவருடைய தோழர் தாமஸும் மீண்டும் டாரதியிடம் வந்து வற்புறுத்தினர. அப்போது நான்காம் மகன் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தம் தங்கை கேத்தரின் உடன் வருவதாயின் வருகிறேன் என்று டாரதி இசைந்தார். அவசர அவசரமாக வீட்டுச் சாமான்களை விற்றும் கட்டியும் புறப்பட்டனர். ஜூன் 13 ஆம் நாள் டென்மார்க் நாட்டுக் கப்பல் ஒன்றில் ஏறி, ஏறத்தாழ ஐந்து மாதம் கடலில் கழித்து, நவம்பரில் வங்காளம் சேர்ந்தனர்.

கல்கத்தாவில் கொண்டுவந்த பணம் விரைவில் தீர்ந்தது. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கும், அங்கிருந்து சுந்தரவனக் காட்டோரத்திற்கும், பின்னர் வடக்கே முட்னாபட்டியில் இருந்த அவுரித் தொழிற்சாலைக்கும் குடும்பம் ஓராண்டிற்குள் அலைந்தது. டாரதியும் பீலிக்ஸும் வயிற்றுக்கடுப்பினால் நெடுநாள் வருந்தினர். உடன் வந்த தங்கை கம்பெனி அலுவலர் ஒருவரை மணந்து பிரிந்தார். 1794 ஆம் ஆண்டு அக்டோபரில் ஐந்து வயது மகன் பேதுரு காய்ச்சலில் இறந்தான். மறு ஆண்டில் டாரதியின் மனம் நிலைகுலைந்தது. அது பின்னர் ஒருபோதும் சீர்ப்படவில்லை.

1800 ஆம் ஆண்டு ஜனவரியில் கேரியின் குடும்பம் செராம்பூருக்குக் குடியேறியது. 1801 ஆம் ஆண்டில் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஓர் அறையில் மொழிபெயர்ப்பு நடந்தது. அடுத்த அறையில் மனநோயுற்ற டாரதி அடைபட்டுக் கிடந்தார். கேரி அவரைக் கைவிடவில்லை. தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார் என்பதையும் நியாயத்துக்காகக் கூறவேண்டும். 1807 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் அவ்வம்மையார் இறந்தார். பதிவேட்டில் இட்ட குறியைத் தவிர, அவர் தம் நெஞ்சைத் திறந்து எழுதிய கடிதம் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் டாரதியைப் பெரும்பணிக்குத் தகாத மனைவி என்றே தீட்டினர். அவரை மையமாகக் கொண்டு ஆய்வு செய்த நூல் 1992 ஆம் ஆண்டில் வெளிவந்தபின் பார்வை மாறத் தொடங்கியது. நம்மிடம் எஞ்சி நிற்கும் வினா இதுவே: அழைப்பு பெற்றவர் கேரி, அவ்வழைப்பின் பொருளை டாரதி உணரும்படி அவருக்கு யார் கற்பித்தார்? நாற்பது மொழிகளுக்கு வேதத்தைக் கொண்டுசெல்ல முயன்றவர்களின் வீட்டில், வேதத்தைத் தானே வாசிக்கும் அறிவு அவ்வீட்டின் தாய்க்கு எந்த அளவுக்கு ஊட்டப்பட்டது? கேரியைத் தூற்றுவதற்காக நாம் இதனைக் கேட்கவில்லை. அவருடைய பெயரால் பட்டம் பெறுகின்ற நாம் நம்மையே ஆராய்ந்து பார்ப்பதற்காகக் கேட்கின்றோம்.

பொதுப்பந்தியும் சனிக்கிழமைக் கூட்டமும்

செராம்பூரின் வரலாறு துயரத்தோடு முடிந்துவிடவில்லை. 1799 ஆம் ஆண்டு அக்டோபரில் மார்ஷ்மன் குடும்பத்தாரும் வார்டும் பிறரும் அங்கே வந்திறங்கினர். 1800 ஆம் ஆண்டு முதல் பல குடும்பங்கள் ஒரே இல்லத்தாராக வாழத் தொடங்கின. வருமானம் அனைத்தும் ஒரே பெட்டியில் சேர்ந்தது. அனைவரும் ஒரே பந்தியில் உண்டனர். இல்ல நிருவாகத்தை மாதத்திற்கு ஒருவராக முறைவைத்து ஏற்றனர். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையிலும் கூடி, அவ்வாரத்தில் எழுந்த மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, அன்பில் நிலைத்திருப்பதாக உறுதி கூறிக்கொண்டனர். அயலூரில் குடியேறும் குடும்பங்களுக்கு வீட்டுவாடகையைப் போலவே மனத்தாங்கலும் ஒரு சுமை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இவ்வில்லத்தின் தூணாக விளங்கியவர் அன்னாள் மார்ஷ்மன் அம்மையார். அவர் 1800 ஆம் ஆண்டிலேயே தம் கணவரோடு சேர்ந்து உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கினார். அப்பள்ளிகளின் வருமானம் அருட்பணிக்குப் பெருந்துணையாயிற்று. தாயின் கவனிப்பு இன்றி வளர்ந்த கேரியின் மக்களையும் அவர் தம் மக்களைப் போல் கண்டித்து அரவணைத்தார். 1847 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவருடைய பணி நீடித்தது. டாரதியும் அன்னாளும் ஒரே நாட்டிலிருந்து ஒரே ஊருக்கு வந்தவர்கள். ஒருவர் கல்வியோடும் தமக்கென ஒரு பணியோடும் வந்தார். வந்த இடத்தில் ஒரு கூட்டுறவும் அவரைத் தாங்கியது. மற்றவருக்கு, அவருக்குத் தேவைப்பட்ட காலத்தில், இவை எவையும் கிட்டவில்லை. குணத்தின் வேறுபாடு என்று நாம் எளிதில் கூறிவிடுவது பெரும்பாலும் வாய்ப்பின் வேறுபாடே ஆகும்.

தென்னகத்தில்

தமிழகத்தில் குருத்துவக் கல்வியின் தொடக்கம் தரங்கம்பாடிக்கு உரியது. 1706 ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, ஐரோப்பா சென்று திருமணம் செய்துகொண்டு 1716 ஆம் ஆண்டில் மனைவி மரியா டாரத்தியாவுடன் திரும்பினார். அதே ஆண்டில் எட்டு இளைஞர்களோடு ஊழியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மூன்றாண்டுகளுக்குள், 1719 ஆம் ஆண்டு பிப்ரவரி 23 ஆம் நாள், அவர் 36 வயதில் மறைந்தார். இளம் மனைவி அயல்நாட்டில் கைம்பெண்ணானார். பின்வந்த காலத்தில் அமெரிக்க மதுரை மிஷன் 1842 ஆம் ஆண்டில் திருமங்கலத்தில் தொடங்கி 1845 ஆம் ஆண்டில் பசுமலைக்கு மாற்றிய கல்விக்கூடமும் இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் முறையிலேயே வளர்ந்தது.

மணமானவர்களைக் குடும்பத்தோடு அழைத்துப் பயிற்றுவிக்கும் முறைக்கு ஒளிமிக்க சான்று தோர்ணக்கல் ஆகும். வெள்ளாளன்விளையில் 1874 ஆம் ஆண்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, நெல்லையில் 1903 ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தின் ஊழியராக, 1909 ஆம் ஆண்டில் நைஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கலுக்குக் குடும்பத்தோடு இடம் பெயர்ந்தார். தமிழ்க் குடும்பம் தெலுங்கு நாட்டில் வாழத் தொடங்கியது. புதிய மொழியைக் கணவர் மட்டுமன்றி மனைவி அன்பு மரியம்மாளும் கற்றார். 1912 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தோர்ணக்கல் குருத்துவப் பள்ளிக்கு மாணவர்கள் மனைவி மக்களோடு வந்து தங்கினர். மனைவியருக்கும் தனியே வகுப்புகள் நடந்தன. அவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் அன்பு அம்மையார் முன்நின்றார்.

இதன் காரணம் ஆழமானது. அம்மாணவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட மக்களிடையேயிருந்து வந்தவர்கள். அவர்கள் திரும்பிச் சென்று ஊழியம் செய்யவேண்டிய சிற்றூர்களில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கற்பிக்கவேண்டியவர் குருவானவரின் மனைவியே. அவருக்கு எழுத்தறிவும் வேத அறிவும் இல்லையெனில் சபையின் பாதி இருளிலேயே இருக்கும். ஆகவே தோர்ணக்கலில் குடும்பம் மாணவனின் சுமையாகக் கருதப்படவில்லை; அதுவும் கற்கவேண்டிய ஒன்றாகவே கருதப்பட்டது. தமக்கும் பிறிதொரு மொழிநிலத்தில் குடியேறிய பட்டறிவு இருந்தமையால், புதிதாய் வந்த பெண்களின் தயக்கத்தை அன்பு அம்மையார் அறிந்திருப்பார் என்று கருதலாம்.

தமிழில் இறையியல்

1910 ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரி நம் நாட்டு இறையியல் சிந்தனைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் அத்தகைய உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆங்கிலம் அறியாத மனைவிக்குக் கணவரின் நூல்கள் மூடிய நூல்களே. கணவர் எழுதும் கட்டுரை எதைப் பற்றியது என்பதையும் அவரால் அறிய இயலாது.

தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் இணைந்து 1969 ஆம் ஆண்டில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை அமைத்தபோது, பட்டக் கல்வியையும் தமிழிலேயே கற்பிக்கும் துணிவு பிறந்தது. இம்முடிவை நாம் வழக்கமாகத் தமிழ்ச் சபைகளின் பண்பாட்டுத் தேவை என்னும் நோக்கில் பாராட்டுகின்றோம். அதற்கு இல்லறத்தின் பக்கத்திலும் ஒரு பயன் உண்டு. கணவரின் மேசைமேல் கிடந்த குறிப்பேட்டை மனைவி எடுத்து வாசிக்க முடிந்தது. வாசித்ததைப் பற்றிக் கேள்வி கேட்க முடிந்தது. மார்க்கு எழுதிய நற்செய்தியைப் பற்றியும் தமிழகச் சமயங்களைப் பற்றியும் சமையற்கட்டில் உரையாடல் நிகழ வழி பிறந்தது.

அக்கல்லூரியில் பணியாற்றி 2005 ஆம் ஆண்டில் மறைந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர் அவர்கள், ஒரே உலையில் பொங்கி அனைவரும் பகிர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாகவே விளக்கினார். வாழ்விலும் அதனை நடைமுறைப்படுத்த முயன்றார். சாதியால் பிரிந்த மக்களுக்கு ஒரே உலை என்பது எத்துணைப் பெரிய நற்செய்தி என்பதை அவருடைய பாடல்கள் பரப்பின. செராம்பூரின் பொதுப்பந்தி நம் மண்ணில் நம் மொழியில் புதிய பொருளோடு எழுந்தது எனலாம்.

தென்னிந்தியத் திருச்சபையில் 1976 ஆம் ஆண்டில் பெண்களின் குருத்துவ அருட்பொழிவு தொடங்கியது. அதனால் மரநிழற் காட்சியும் மாறத் தொடங்கியது. இன்று அலுவலகத்திற்குள் விரைபவர் மனைவியாகவும், குழந்தையோடு வெளியே நிற்பவர் கணவராகவும் இருக்கக்கூடும். நிற்பவர் யாராயினும் வினா ஒன்றே: அவருக்கு இக்கல்வியில் என்ன பங்கு?

நம் அறிக்கை

பிறர் வரலாற்றைக் கூறிவிட்டு நம்முடையதை மறைத்தல் தகாது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாமும் மனைவியோடும் எட்டு மாதக் குழந்தையோடும் குருத்துவக் கல்விக்காக ஒரு நகரத்திற்கு வந்தோம். குடும்ப விடுதியில் இடம் இல்லாமையால் வெளியே ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டில் குடியிருந்தோம். குடும்ப அட்டை ஊரில் இருந்தது. ஆகவே மண்ணெண்ணெயைக் கூடுதல் விலைக்கு வாங்கினோம். தண்ணீர் இரவு பதினொரு மணிக்கு மேல் வரும். நம் மனைவி ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நம் கல்விக்காக அவ்வேலையைத் துறந்து வந்தார். அதனை நாம் அந்நாளில் பெரிதாக எண்ணவில்லை. அழைப்பு என்றால் தியாகம் இருக்கும்தானே என்று கூறிக்கொண்டோம். தியாகம் யாருடையது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

முதலாண்டில் கிரேக்க வினைச்சொல்லின் அட்டவணையை விடியற்காலையில் உரக்க மனனம் செய்வது நம் வழக்கம். லுவோ, லுவெய்ஸ், லுவெய் என்று தொட்டிலின் பக்கத்தில் அமர்ந்து ஓதுவோம். ஒருநாள் நான்காம் வடிவம் நினைவுக்கு வராமல் தடுமாறினோம். அடுப்படியிலிருந்து, குழம்பைக் கிளறிக்கொண்டே, நம் மனைவி அதனையும் எஞ்சியிருந்த இரண்டையும் பிழையின்றிச் சொல்லி முடித்தார். பின் வந்து நின்று, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கூறிப் புறப்பட்டுவிட்டோம். அவர் மறுமுறை கேட்கவில்லை. அவிழ்க்கிறேன் என்பதே அதன் பொருள். ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். டாரதி அம்மையாரின் வரலாற்றைப் படித்த அன்றுதான் அக்காலை வேளை நம் நினைவுக்கு வந்து நம்மைக் குத்திற்று.

செய்யத்தக்கவை

வரலாறு நமக்குக் கற்பிப்பவற்றைச் சுருக்கமாகக் கூறி முடிப்போம்.

முதலாவது, மாணவரை அனுப்பும் திருமண்டலங்கள் ஒரு நபரை அல்ல, ஒரு குடும்பத்தை அனுப்புகின்றோம் என்னும் உணர்வோடு உதவித்தொகையை வகுக்கவேண்டும். வாழ்க்கைத் துணை துறந்துவரும் வேலையும் அக்கணக்கில் சேரவேண்டும். புறப்படுமுன் அவருடைய சம்மதத்தை உண்மையாகவே கேட்டறிதல் நன்று. கப்பல் காத்திருக்கிறது என்று அவசரப்படுத்திப் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

இரண்டாவது, கல்லூரிகள் துணைவர்களுக்கான மாலை வகுப்புகளை ஒப்புக்கு நடத்தாமல், வேதபாடம், திருச்சபை வரலாறு, ஆலோசனை ஊழியம் ஆகியவற்றை முறையாகக் கற்பித்துச் சான்றிதழ் வழங்கவேண்டும். அவ்வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். இல்லையேல் வகுப்பு இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, செராம்பூரின் சனிக்கிழமைக் கூட்டத்தைப் போல, குடும்ப விடுதிகளில் வாழ்வோர் வாரம் ஒருமுறை ஆசிரியர் குடும்பங்களோடு கூடிப் பேசவும் சேர்ந்து உண்ணவும் வழி செய்யவேண்டும். மனச்சோர்வு தோன்றும் முதல் நாட்களிலேயே அதனைக் கண்டுகொள்ள அத்தகைய கூட்டம் உதவும். புது ஊரில் பேச ஆளின்றி அறைக்குள் அழுபவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று நாம் இனியும் சொல்லலாகாது. மருத்துவ உதவி தேவைப்படின் அதனைத் தயக்கமின்றி நாடவேண்டும்.

நான்காவது, மாணவர்களே, இது உங்களிடம் கூறுவது. அன்றன்று கற்றதில் ஒன்றையாவது அன்று மாலையே வீட்டில் பகிர்ந்துகொள்ளுங்கள். இல்லத்தாருக்கு விளங்குமாறு சொல்ல இயலாத இறையியலைச் சபையாருக்கு விளங்கவைப்பது எங்ஙனம்? பாத்திரம் துலக்குவதிலும் குழந்தையை உறங்கவைப்பதிலும் பங்கு பெறுங்கள். அப்போதுதான் மற்றவருக்கும் ஒரு புத்தகத்தைத் திறக்கும் நேரம் கிடைக்கும்.

வரும் ஜூன் மாதத்திலும் ஆட்டோக்கள் வரும். அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நாம் பதிவேட்டில் முதற்பெயரை எழுதியதும் எழுந்து வெளியே செல்வோம். மரநிழலில் நிற்பவரின் பெயரையும், இடுப்பிலிருக்கும் குழந்தையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வோம். ஒரு பட்டணத்திலிருந்து மறுபட்டணத்திற்கு வந்த ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் தம் ஊழியத்தில் இணைத்துக்கொண்ட ஆண்டவர், நம் வாயிலில் வந்திறங்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் இருவராகவே அழைக்கின்றார் என்று நாம் நம்புகின்றோம்.